புல் கட்டு பொறுக்க மெஷின் வாங்குறதுக்கு முன்னாடி ஷெட் கதவை அளந்து பாருங்க

சின்ன சதுர புல் கட்டு, அதாவது கயிறு ரெண்டு சுத்து சுத்தி வர்ற அந்த 20 கிலோ கட்டு, அதைப் பத்தி பேச ஆரம்பிச்சாலே எல்லாரும் முதல்ல கேக்குறது "வயல்ல இருந்து பொறுக்க எந்த மெஷின் நல்லது"னுதான். நானும் அப்படித்தான் கேட்டேன். கொஞ்ச வருஷம் முதுகு ஒடிஞ்ச பிறகுதான் புரிஞ்சது, கேள்வியே தலைகீழா இருக்குன்னு. வயல்ல பொறுக்குறது வேலையில பாதி கூட கிடையாது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 500 கட்டு, ஒவ்வொண்ணும் 20 கிலோ, மொத்தம் 10 டன். ஆனா நீங்க தூக்குறது 10 டன் இல்ல. தரையில இருந்து ட்ரெய்லர் மேல ஒருத்தர் தூக்கிப் போடுறாரு, மேல நிக்கிறவர் அதை வாங்கி அடுக்குறாரு, ஷெட்டுக்கு வந்ததும் இன்னொருத்தர் இறக்கி எலிவேட்டர்ல, அதாவது கட்டை மேல ஏத்துற சரிவான ஓடுபட்டையில வைக்கிறாரு, உள்ள இருக்கிறவர் எடுத்து போர் அடுக்குறாரு. நாலு தடவை. ஆக மொத்தம் மனுஷ உடம்பு தூக்குறது 40 டன், அதுவும் வெயில் உச்சியில இருக்கிற நாள்ல, ஏன்னா புல் காயுற நாள்தான் கட்டு கட்டுற நாள். இந்த நாலு தொடுதல்ல எதை ஒரு மெஷின் எடுத்துவிடுது, எதை அப்படியே நம்ம தலையில விடுதுன்னு பாத்தா போதும், பாதி குழப்பம் தீர்ந்துரும். நோட்டீஸ்ல "ஒரு மணி நேரத்துக்கு இத்தனை கட்டு"ன்னு போட்டிருக்கிறது எல்லாம் முதல் ரெண்டு தொடுதலைப் பத்தி மட்டும்தான் இருக்கும், கடைசி ரெண்டைப் பத்தி மூச்சு விடமாட்டாங்க.

இந்த நிலைமை எப்படி வந்துச்சுன்னா, கட்டு கட்டுறது ரொம்ப முன்னாடியே மெஷின் கைக்குப் போயிருச்சு. பென்சில்வேனியாவுல எட்வின் நோல்ட்னு ஒரு விவசாயி தானா கயிறு முடிச்சு போடுற பேலரை, அதாவது புல்லை அழுத்திக் கட்டா கட்டுற மெஷினை உருவாக்கினாரு, 1940ல நியூ ஹாலண்ட் கம்பெனி அதை தயாரிக்க ஆரம்பிச்சது. அதுக்கு முன்னாடி கட்டுக்கு கம்பி கோர்த்து முடிச்சு போடவே மெஷின் மேல ஆள் உக்காந்திருக்கணும். முடிச்சு போடுற ஆள் போயாச்சு, ஆனா கீழ விழுந்த கட்டைப் பொறுக்குற ஆள் போகல, அந்த வேலைக்கு பண்ணையில இருக்கிற பசங்க, சொந்தக்காரங்க, லீவுல வந்தவங்கன்னு யாராவது இருந்தாங்க, அதனால அவசரமும் இல்ல. ஆள் கிடைக்காம போனப்போ பெரிய பண்ணைகள் வேற வழிக்குப் போயிருச்சு. 1971ல கேரி வெர்மீர் பெரிய உருளைக் கட்டு பேலரைக் கொண்டு வந்தாரு, 1978ல ஹெஸ்டன் பெரிய சதுரக் கட்டு மெஷினைக் கொண்டு வந்தாங்க, ஒரே ஆள் ட்ராக்டரை விட்டு இறங்காமலே வேலையை முடிக்கலாம்.

அப்புறம் ஏன் சின்னக் கட்டு இன்னும் இருக்கு? வாங்குறவங்க காரணம். நாலு ஆடு, ரெண்டு குதிரை வச்சிருக்கிறவங்க கிட்ட லோடர் (ட்ராக்டர் முன்னாடி மாட்டி பாரம் தூக்குற கை) கிடையாது, 300 கிலோ உருளையை அவங்க என்ன பண்ணுவாங்க? கையால தூக்கி, கயிறை அறுத்து, ஏடு ஏடா பிரிச்சு போடுற மாதிரி இருந்தாதான் அவங்களுக்கு ஆகும். அதனால கட்டு கைக்கு அடக்கமா இருக்கிறது வாங்குறவங்களுக்கு வசதி, அதே காரணத்தால விக்கிறவங்களுக்கு தலைவலி. இந்த மெஷின்கள் எல்லாமே இந்த ஒரு முரண்பாட்டைச் சமாளிக்க வந்ததுதான்.

சரி, பேலர் எவ்வளவு வேகமா கட்டைத் தள்ளுதுன்னு பாப்போம். நடுத்தர பேலர்ல பிளஞ்சர், அதாவது புல்லை இடிச்சு அழுத்துற தண்டு, நிமிஷத்துக்கு 80 தடவை பக்கம் அடிக்கும். ஒவ்வொரு அடியும் ஒரு ஏடு. ஒரு கட்டுல 12ல இருந்து 15 ஏடு வரைக்கும் இருக்கும். அப்படின்னா புல் தடையில்லாம உள்ள போனா நிமிஷத்துக்கு அஞ்சாறு கட்டு, திருப்பத்துல நிக்கிறது, கயிறு மாத்துறது எல்லாம் கழிச்சாலும் மணிக்கு 250 கட்டாவது வெளிய வரும். சராசரியா பதினாலு செகண்டுக்கு ஒரு கட்டு. கையால பொறுக்குற ரெண்டு பேர் இந்த வேகத்துக்கு கொஞ்ச நேரம்தான் ஈடு கொடுக்க முடியும், அதுக்கப்புறம் வயல் பூரா கட்டு கிடக்கும், சாயங்காலம் பனி இறங்கும், தரை ஈரம் அடிப்பக்கம் ஏறும், மேகம் வேற கூடும். அந்த டென்ஷன்லதான் நிறைய பேர் மறுநாளே மெஷின் விசாரிக்க கிளம்புறது.

எளிமையானதுல இருந்து வரலாம். பேலருக்குப் பின்னாடியே ட்ரெய்லரை மாட்டி, கட்டு சரிவுல ஏறி நேரா அதுல வர்ற மாதிரி வச்சு, ஒரு ஆள் நின்னு அடுக்குறது பழைய முறை. தரையில விழுறதே இல்ல, ஒரு தொடுதல் மிச்சம். ஆனா ஓடுற ட்ரெய்லர் மேல நின்னுகிட்டு வேலை, மேடு பள்ளத்துல விழுந்தா சிக்கல், சரிவு நிலத்துல பேலரோட லோடு ட்ரெய்லரும் சேர்ந்து ஒரே ட்ராக்டரைத் தள்ளும். அடுத்தது கட்டைத் தூக்கி எறியுற பேலர், 1950களோட கடைசியில வந்தது. பேலர்ல கட்டு வெளிய வர்ற பின்பக்கம் ஒரு எறியுற அமைப்பு இருக்கும், பின்னாடி உயரமான பக்கச்சுவர் வச்ச வேகன்ல கட்டு பறந்து போய் விழும். ஒரே ஆள் போதும், பாக்கவும் ஜாலியா இருக்கும். ஆனா வேகன்ல கட்டு தாறுமாறா கிடக்கும், நூறு நூத்தம்பது கட்டை ஒண்ணொண்ணா இழுத்து எடுக்கணும், பறக்கிறதுக்கு தோதா கட்டை கொஞ்சம் குட்டையா வைக்கணும், நிறைய கட்டு கட்டணும்னா நாலஞ்சு வேகன் வேணும். தொடுதல் கணக்குப்படி முதல் ரெண்டு போச்சு, கடைசி ரெண்டு அப்படியே இருக்கு. கூடை மாதிரி ஒரு வண்டி இருக்கு, அது தரையில கிடக்கிற கட்டை ஓட்டிக்கிட்டே ஏத்தி உள்ள கொட்டிக்கும், அதுவும் இதே கதைதான், ஒரு ஆள் ஒரு ட்ராக்டர்னு பொறுக்கிரலாம், இறக்கும்போது கை வலிக்கும். ஷெட்ல ஆள் இருக்கு, வயல்லதான் ஆள் இல்லன்னா இந்த ரெண்டும் நல்ல சாய்ஸ். வருஷத்துக்கு சில நூறு கட்டு மட்டும்தான்னா இதுக்கு மேல போகவே வேணாம்னு நான் சொல்லுவேன், நல்ல எலிவேட்டர் ஒண்ணு வாங்கிட்டு நிம்மதியா இருங்க.

இப்ப நான் அதிகமா பேச விரும்புறது அக்யுமுலேட்டரும் கிராப்பிளும். பேலர் பின்னாடி ஒரு பெரிய தட்டு மாதிரி அக்யுமுலேட்டர் ஓடும், வர்ற கட்டை ஒவ்வொண்ணா வரிசைப்படுத்தி எட்டோ பத்தோ பதினஞ்சோ சேர்ந்ததும் ஒரு பாயா தரையில விட்டுட்டுப் போகும். பின்னாடியே லோடர் ட்ராக்டரோ ஸ்கிட் ஸ்டீரோ (நின்ன இடத்துலயே திரும்புற சின்ன லோடர் வண்டி) வந்து கிராப்பிளை மேல இறக்கும், வளைஞ்ச கொக்கிகள் கட்டுக்குள்ள குத்தி இறுக்கிப் புடிச்சுக்கும், அப்படியே தூக்கி ட்ரெய்லர்ல வச்சு, ஷெட்டுக்குப் போனதும் அதே கிராப்பிளால தூக்கி போர்ல வைக்கலாம். நாலு தொடுதலும் போச்சு! மனுஷக் கை படாம கட்டு ஷெட்டுக்குள்ள போயிருது. வாங்குறவர் வந்து தூக்கும்போதுதான் முதல் தடவையா ஒரு கை அதுமேல படும்.

ஏன் எட்டு, பத்துன்னு வருதுன்னா அதுல ஒரு அழகான ஜியாமெட்ரி இருக்கு. வழக்கமான கட்டு 14 இன்ச் உயரம், 18 இன்ச் அகலம், 36 இன்ச் நீளம். நீளம் அகலத்தைப் போல சரியா ரெண்டு மடங்கு. நாலு கட்டை பக்கம் பக்கமா வச்சா 72 இன்ச், அதே மாதிரி இன்னொரு வரிசை தலைமாட்டுல வச்சா 36ம் 36ம் 72 இன்ச். ஆக எட்டு கட்டு சரியான சதுரம். அடுத்த அடுக்கை 90 டிகிரி திருப்பி வச்சா கீழ இருக்கிற இடுக்கு மேல மேல் கட்டு உக்காரும், செங்கல் சுவர் மாதிரி போர் பிணைஞ்சு நிக்கும், சரியாது. பத்துக் கட்டுன்னா ஓரத்துல ரெண்டு கட்டை குறுக்கே போட்டு 72க்கு 90 இன்ச் ஆகும். இப்ப உங்க ட்ரெய்லர் அகலத்தைப் பாருங்க, எட்டு அடின்னா 96 இன்ச். 90 இன்ச் பாய் அதுல கச்சிதமா உக்காரும், 72 இன்ச் சதுரம் வச்சா ரெண்டு அடி சும்மா கிடக்கும். இதே கணக்கை ஷெட் தூணுக்குத் தூண் இடைவெளிக்கும் போடணும். தூண் இடைவெளி 14 அடின்னா 168 இன்ச், அதுல 72 இன்ச் ரெண்டு வரிசை போக 24 இன்ச் மிச்சம், 90 இன்ச்சா வச்சா ஒண்ணுதான் போகும், 78 இன்ச் காலி. ஒண்ணை 90ம் இன்னொண்ணை 72ம்னு திருப்பி வச்சா 162, ஆறு இன்ச்தான் மிச்சம், அருமை. வாங்குறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல கட்டம் போட்டு இதைப் பாக்கிறவங்க ரொம்ப கம்மி, வாங்கின பிறகு ஷெட்ல நின்னு தலையைச் சொறியுறவங்கதான் ஜாஸ்தி.

அடுத்தது லோடரோட பலம். இதுல நான் பட்ட அடியைச் சொல்றேன். பத்துக் கட்டு கிராப்பிள், கட்டு 20 கிலோன்னா 200 கிலோ, கிராப்பிளே தனியா 200 கிலோவுக்கு மேல இருக்கும், மொத்தம் 400 சொச்சம். என் சின்ன ட்ராக்டரோட லோடர் 500 கிலோ தூக்கும்னு புத்தகத்துல போட்டிருந்துச்சு, சரி தூக்கிரும்னு நினைச்சேன். தரையில இருந்து தூக்குச்சு, ட்ரெய்லர் உயரத்துக்கு போகும்போது பின் சக்கரம் லேசா மிதந்துச்சு, உக்காந்திருந்த எனக்கு வயிறு கலங்கிருச்சு. என்ன தப்புன்னா, புத்தகத்துல போடுற எடை பெரும்பாலும் லோடர் கையோட முனையில, அட்டாச்மென்ட்டை மாட்டுற ஆணி இருக்கிற இடத்துல அளந்தது. ஆனா கட்டுப் பாயோட நடு, அந்த முனையில இருந்து மூணு அடி முன்னாடி இருக்கு. நெம்புகோல் கணக்கு தெரிஞ்சவங்களுக்கு மேல சொல்ல வேண்டியதில்ல. பின்னாடி வெயிட் கட்டாம இந்த வேலையில இறங்கவே கூடாது, முன் ஆக்சில் தாங்குமான்னும் பாக்கணும். கட்டோட சேர்த்து, லோடர் தூக்கும்னு போட்டிருக்கிற எடையில பாதிக்கு மேல போகாத கிராப்பிளா பாத்து வாங்குங்க, பத்து வேணாம் எட்டு போதும்னு தோணினா வெக்கப்படாம எட்டே வாங்குங்க. இன்னொண்ணு, உயரத் தூக்கின கட்டு நழுவினா லோடர் கை வழியாவே பின்னாடி உருண்டு ஓட்டுறவர் மடியில வந்து விழும், மேல கூரை இல்லாத ட்ராக்டர்ல கிராப்பிள் வேலை ஆபத்து.

ஹைட்ராலிக் லைனும் பாக்கணும், லோடருக்கு ஏத்த இறக்க ஒண்ணு, சாய்க்க ஒண்ணு, கிராப்பிள் கொக்கிக்கு மூணாவதா ஒண்ணு வேணும். பழைய ட்ராக்டர்ல அது இருக்காது, தனியா போடணும்.

இந்த சிஸ்டத்துல யாரும் முன்கூட்டியே சொல்லாத ஒரு விஷயம், கட்டு ஒரே மாதிரி இருக்கணும். கையால தூக்குறப்போ ஒரு கட்டு 34 இன்ச், ஒண்ணு 38, ஒண்ணு வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு வந்தாலும் மனுஷன் சமாளிச்சுக்குவான். மெஷினுக்கு கண்ணு கிடையாது. நீளம் மாறினா அக்யுமுலேட்டர்ல கதவு சிக்கும், கட்டு குறுக்கே மாட்டிக்கும், லூசான கட்டுல கிராப்பிள் கொக்கி புடிக்காம நடுவுல இருக்கிறது தொப்புன்னு விழும். ஆக பொறுக்குற மெஷின் வாங்குறவர் முதல்ல பேலரைத்தான் சரி பண்ணணும். வளைஞ்ச கட்டு வர்றதுக்கு பெரும்பாலும் காரணம் புல்வரிசை ஒரு பக்கமாவே உள்ள போறது. பேலர் அறையில ஒரு பக்கம் அடர்த்தி, ஒரு பக்கம் பஞ்சு மாதிரி, வெளிய வந்ததும் வளைஞ்சுரும். ரேக் போடும்போதே, அதாவது காஞ்ச புல்லை வரிசையா கூட்டும்போதே, வரிசையை பேலர் வாய் அகலத்துக்கு சீரா போடணும், குச்சி மாதிரி ஒல்லியா போடக்கூடாது, அப்படி போட்டா வண்டியை வேகமா ஓட்டணும், ஏடு தடிப்பு மாறும், நீளம் மாறும். அப்புறம் ஈரம். மதியம் ரெண்டு மணிக்கு மொறுமொறுன்னு இருக்கிற புல் சாயங்காலம் ஆறு மணிக்கு லேசா பதமாகிரும், அதே அழுத்தத்துல வச்சா கட்டு கல்லு மாதிரி கனமா வரும். மணிக்கு ஒரு தடவையாவது இறங்கி ஒரு கட்டைத் தூக்கிப் பாத்து அழுத்த ஸ்க்ரூவைத் திருகணும். சோம்பல்பட்டா மறுநாள் கிராப்பிள்ல தெரியும்.

பெரிய அளவுல போறவங்களுக்கு தானியங்கி பேல் வேகன் இருக்கு, நியூ ஹாலண்ட் ரொம்ப காலமா செஞ்ச வண்டி, பழசு இன்னும் நிறைய ஓடுது. வயல்ல ஓட்டிக்கிட்டே போனா கட்டை ஒண்ணொண்ணா எடுத்து முதல் மேஜையில வரிசை வைக்கும், அந்த வரிசை ரெண்டாவது மேஜைக்குப் போய் அடுக்காகும், அடுக்கு பின்னாடி பெட்டுக்குப் போய் நிக்கும், கடைசியில மொத்த பெட்டும் 90 டிகிரி நிமிர்ந்து போரை அப்படியே தரையில நட்டு வச்சுட்டு நகர்ந்துரும். ஒரு ஆள், ஒரு வண்டி, பெரிய மாடல்னா ஒரே ட்ரிப்ல நூறு கட்டுக்கு மேல. பாத்தா மாயாஜாலம் மாதிரி இருக்கும். ஆனா பெட் நிமிர்றதுக்கு ஷெட் கூரை உயரம் வேணும், தரை மட்டமா கெட்டியா இருக்கணும், கட்டு நீளம் ஒழுங்கா இருக்கணும், மேஜைகள் ஒண்ணுக்கொண்ணு நேரம் தப்பாம ஓடணும், அதுல எங்கயாவது ஒரு சங்கிலி தளர்ந்தா மொத்தமும் நின்னுரும். மெக்கானிக்கல் வேலைல ஆர்வம் இருக்கிறவருக்கு இது சொர்க்கம், இல்லாதவருக்கு நரகம். பழைய தாழ்வான கொட்டகை வச்சிருக்கிறவங்க இதை வாங்கிட்டு வெளியவே போர் நட்டு தார்ப்பாய் போட்டுக்கிட்டு இருக்கிறதைப் பாத்திருக்கேன். தலைப்புல ஷெட் கதவுன்னு போட்டதே இதுக்குத்தான்.

சமீப காலத்துல இன்னொரு வகை. கனடாவோட மார்க்ரெஸ்ட் கம்பெனி செய்யுற பேல் பேரன், ஸ்பெயினோட அர்குசின் செய்யுற மல்டிபேக், இதெல்லாம் சின்னக் கட்டுகளை ஒண்ணா சேர்த்து அழுத்தி மறுபடி கயிறு போட்டு ஒரே பெரிய பேக்கா ஆக்கிரும். பேல் பேரன்ல 21 கட்டு ஒரு பேக், மல்டிபேக்ல 14 கட்டு வர்ற மாடல் இருக்கு. பேக்கைச் சுத்தி கயிறு இருக்கிறதால கட்டு கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் பேக் உதிராது, முள் கரண்டி மாதிரி குத்துற சாதாரண அட்டாச்மென்ட்லயே தூக்கலாம், லாரியில ஏத்தி தூரம் அனுப்புறவங்களுக்கு ரொம்ப வசதி. ஆனா 21 பெருக்கல் 20ன்னா 420 கிலோ, அதைத் தூக்குற லோடர் சின்னதா இருக்க முடியாது. மெஷினும் பெரிய முதலீடு, ஆயிரக்கணக்குல கட்டு போடுறவங்க, இல்ல வாடகைக்கு ஊரெல்லாம் ஓட்டுறவங்களுக்குத்தான் இது கட்டுப்படியாகும்.

நடுவுல ஒரு சிக்கனமான வழியும் இருக்கு, நிறைய பேர் கவனிக்கிறதில்ல. லோடர் முன்னாடியே மாட்டுற அக்யுமுலேட்டரும் கிராப்பிளும் ஒண்ணா இருக்கிற மாடல். பேலர் பாட்டுக்கு தரையில போட்டுட்டுப் போகும், நீங்க பின்னாடி வந்து ஒவ்வொரு கட்டா வாய்க்குள்ள ஓட்டி சேர்த்து, நிறைஞ்சதும் கொக்கியை இறக்கி தூக்கிக்கலாம். பேலர் பின்னாடி எதுவும் இழுக்க வேணாம், அதனால வளைவும் மூலையும் நிறைஞ்ச சின்ன வயலுக்கும், பேலர் ஓட்டுற சின்ன ட்ராக்டருக்கும் ஏத்தது. வேகம் கம்மி, கட்டு திசைக்கு நேரா நம்ம வண்டியைக் கொண்டு போற பழக்கம் வரணும். தனியா வேலை பாக்கிறவருக்கு இதுதான் என் ஓட்டு.

எது வாங்கினாலும் மெஷின் வேகம் கூடும்போது ஒரு ஆபத்தும் கூட வருது. கையால பொறுக்குற காலத்துல ஈரமான கட்டு தூக்கும்போதே கனத்துல தெரிஞ்சிரும், தனியா ஒதுக்கி வச்சிருவாங்க. கிராப்பிள் ஒதுக்காது, பத்தோட பதினொண்ணா போர் நடுவுல போய் உக்காந்துக்கும். ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டின கட்டு பூஞ்சை புடிக்கும், உள்ளயே சூடேறும். போர் உள்ள 65 டிகிரி செல்சியஸ் ஆச்சுன்னா அடிக்கடி பாத்துக்கிட்டே இருக்கணும், 80 பக்கம் போனா தானா தீ புடிக்கிற கட்டம், அப்ப போரைப் பிரிக்கவே கூடாது, காத்து பட்டதும் பத்திக்கும், தீயணைப்பு ஆட்களைத்தான் கூப்பிடணும். அதனால கிராப்பிள் வாங்குற காசோட ஈரம் பாக்குற மீட்டரையும், போருக்குள்ள விடுற நீள தெர்மாமீட்டரையும் சேர்த்தே கணக்குல வைங்க.

பழசு வாங்குறதா இருந்தா பெயின்ட்டைப் பாக்காதீங்க, அக்யுமுலேட்டர் கதவோட கீல், சுருள் வில்லு, கட்டு உரசுற தகடு தேஞ்சு ஓட்டையா இருக்கா, கிராப்பிள் கொக்கி எல்லாம் ஒரே அளவு வளைஞ்சிருக்கா, ஹைட்ராலிக் சிலிண்டர் ராடுல கீறல் இருக்கா, இதைத்தான் பாக்கணும். முடிஞ்சா விக்கிறவர் வயல்லயே, உங்க கட்டு நீளத்துல, பத்துப் பாயாவது போட்டுக் காட்டச் சொல்லுங்க. சும்மா கொட்டகையில நின்னு கதவைத் திறந்து மூடிக் காட்டினா அது எதையும் நிரூபிக்காது, முதல் பாய் எல்லா மெஷின்லயும் நல்லாத்தான் விழும், தூசியும் புல்லும் சேர்ந்து ஏழாவது எட்டாவது பாய்லதான் அது சிக்குமா சிக்காதான்னு தெரியும்.